ரேடியோவுக்கு ஒரு பரிசு

என் மேஜைக்கு எதிரே சுவரில் ஒரு பலகை இருக்கிறது. எங்கள் கம்பெனி பராமரிக்கிற ஒவ்வொரு லிஃப்டுக்கும் அதில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அவசரப் பொத்தானை அழுத்தினால் இங்கே விளக்கு எரியும், நான் ரிசீவரை எடுத்துப் பேசுவேன். மூச்சு முட்டுகிறது என்பார்கள், அழுவார்கள், சிலர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். எல்லோருக்கும் சொல்ல என்னிடம் பதில் உண்டு. பதில் இல்லாத ஒரே விளக்கு மருந்துக்கடைக் கட்டடத்தின் விளக்கு.

அந்த லிஃப்ட் ஓடிப் பல மாதங்கள் ஆகின்றன. மெயின் சுவிட்ச் அணைந்து கிடக்கிறது. அவசர இணைப்புக்கு மட்டும் தனி பேட்டரி. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போய், ஆபீஸில் நான் மட்டும் இருக்கும்போது அந்த விளக்கு எரியும். எடுத்து ‘ஹலோ’ என்பேன். பதில் வராது. ஆனால் அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள் என்பது காதுக்குத் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்த அக்காவுக்கு வயசாகிவிட்டது என்பார்கள், அதுகூடப் பரவாயில்லை. அந்த லிஃப்டில்தான் ரேடியோ செத்துப்போனான். அதனால் சொல்ல வாய் வரவில்லை.

ரேடியோ என்பது நாங்கள் வைத்த பெயர். காலையில் ஆபீஸுக்குள் கால் வைத்ததும் தொடங்கினால் வீட்டுக்குப் போகும்வரை அவன் வாய் ஓயாது. பேச்சு தீர்ந்தால் பாட்டு. சுதி, தாளம் இரண்டையும் ஒருசேரக் கொலை செய்வான். அவன் வாய் மூடியிருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் கூண்டு ஏறி இறங்குகிற லிஃப்ட் குழிக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். அங்கே கும்மிருட்டு, வேலைக்கு இரண்டு கையும் வேண்டும், அதனால் டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொள்வான். ரேடியோ ஆஃப் ஆனால் வேலை நடக்கிறது, பாட்டு கேட்டால் வெளியே வந்துவிட்டான் என்று அர்த்தம். இது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

அவனுக்கு ஜோடியாக வேலை செய்தவன் பூட்டு. இவன் நேரெதிர். ஒரு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை வரும். இந்த இரண்டையும் யார் சேர்த்து வைத்தார்களோ தெரியவில்லை, ஆனால் ஒருவனில்லாமல் மற்றவனை நாங்கள் பார்த்ததில்லை.

எங்கள் மெக்கானிக்குகள் ஒவ்வொருவரிடமும் பட்டப்பெயர் எழுதிய ஒரு தகரத் தகடு இருக்கும். குழிக்குள் இறங்குவதற்கு முன் மோட்டார் அறைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் மேல் தகட்டை மாட்ட வேண்டும். தகடு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான், தொடாதே என்று அர்த்தம். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும், முதலாளியே வந்தாலும் மற்றவர் கை படக் கூடாது. இரண்டு பேர் போனால் இரண்டு தகடு. ஆனால் இந்த ஜோடிக்குச் சோம்பல் ஒட்டிக்கொண்டது. எப்போதும் சேர்ந்தே இருக்கிறோமே என்று இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தகட்டை மாட்டப் பழகிவிட்டார்கள்.

அன்று மாட்டியது பூட்டின் தகடு. ரேடியோ லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மோட்டார் அறையில் தன் வேலையை முடித்த பூட்டு, தகட்டைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டான். மேல்மாடியில் யாரோ உடனே பொத்தானை அழுத்திவிட்டார்கள், கூண்டு கிளம்பிவிட்டது. விசாரிக்க வந்தவர்களிடம் பூட்டு சொன்னது ஒன்றே ஒன்று: அவன் வெளியே வந்துவிட்டான் என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தாய் என்று எத்தனை விதமாகக் கேட்டும் அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. லிஃப்டைச் சரிசெய்தார்கள், சோதித்தார்கள், ஓட்டலாம் என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். ஓட்டத்தான் முடியவில்லை. எழுதிக் கொடுத்த அன்றே பூட்டு தன் தகட்டை எடுத்து மறுபடி அந்த சுவிட்சில் மாட்டிவிட்டிருந்தான். அதை அவன் கழற்றவில்லை, வேறு யாருக்கும் கழற்றத் துணிவில்லை. அவன் வேலைக்கு வருவான், சாமான் அறையில் துருப்பிடித்த போல்ட்டுகளைத் துடைத்துக்கொண்டே இருப்பான், போவான். கட்டடக்காரர்களின் ஏச்சு தாங்காமல் முதலாளி கடைசியில் ஒரு கெடு வைத்தார். கம்பெனி தொடங்கிய நாள் வருவதற்குள் பூட்டு போய்த் தகட்டை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தகடு தொங்குகிற கம்பியை வெட்டி எடுத்துவிட்டு அவன் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார். முதலாளி கெட்டவர் இல்லை, ஆனால் அவருக்கு வேறு வழியும் இல்லை. வேலை போனால் பூட்டு தானும் போய்விடுவான் என்று நான் பயந்தேன். அது சும்மா வந்த பயமில்லை, அவன் கண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கம்பெனி தொடங்கிய நாளன்று ஒருவருக்கொருவர் பரிசு கொடுப்பது எங்கள் வழக்கம். ஒரு வாரம் முன்னால் எல்லோரும் தங்கள் தகட்டை ஒரு ஹெல்மெட்டுக்குள் போட்டுக் குலுக்கி எடுப்போம். தகடு இல்லாதவர்கள் வேறு ஏதாவது போடுவார்கள், நான் பீரோ சாவிக் கொத்தைப் போடுவேன். யார் பெயர் வருகிறதோ அவருக்கு நாம் வாங்க வேண்டும், வாங்குவது யார் என்பது அன்றைக்குத்தான் தெரிய வேண்டும், ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டக் கூடாது.

இந்த வருஷம் நான் கைவிட்டு எடுத்த தகட்டில் ‘ரேடியோ’ என்று எழுதியிருந்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஆளாளுக்குத் தன் கையில் வந்ததை மறைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். பூட்டு மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தகட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ரேடியோ போன பிறகு அவன் பெயரையே அந்த ஆபீஸில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் பூட்டின் காதில் விழுமே என்ற பயம். ரேடியோ உட்கார்ந்த நாற்காலியில் இப்போது எல்லோரும் சாப்பாட்டுப் பையை வைக்கிறார்கள்.

ஆண்களுக்குப் பரிசு வாங்குவதைப் போல எரிச்சல் பிடித்த வேலை வேறில்லை. என்ன வேண்டும் என்றால் ஒன்றும் வேண்டாம் என்பார்கள். வாங்கிக் கொடுத்தால் எதற்கு வீண் செலவு என்பார்கள். வாங்காமல் விட்டுப் பாருங்கள், முகம் உம்மென்று ஆகிவிடும். இவர்களே இன்னொரு ஆணுக்கு வாங்கப் போனால் கைக்குட்டையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. போன வருஷம் ரேடியோவின் தகடு பூட்டின் கைக்குத்தான் வந்தது. அவனும் கைக்குட்டைதான் கொடுத்தான். நிழல் மாதிரி கூடவே திரிகிற நீயே கைக்குட்டையா என்று ரேடியோ அவனை மாதக்கணக்கில் வறுத்தெடுத்தான்.

அதனால் எல்லாத் துரைமாரும் ஒவ்வொருவராக என்னிடம் யோசனை கேட்க வருவார்கள், மற்றவனிடம் சொல்லிவிடாதீர்கள் என்ற சத்தியத்தோடு. சுவரில் ஏறும் வேகத்துக்காகப் பல்லி என்று பெயர் வாங்கியவன் முதலில் வந்தான். அவனுக்கு வந்தது முதலாளியின் பெயர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஊரெல்லாம் தேடுகிற மனுஷனுக்கு, கண்ணாடியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிடும் கயிறு வாங்கு என்றேன். முதலாளிக்கு வந்தது வாத்தியார். எங்கள் மூத்த மெக்கானிக்கான அவர் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறி ஆடை படிந்துவிடும், மூடி போட்ட குவளை போதும் என்றேன். வாத்தியாருக்கு டிரைவர், டிரைவருக்குப் பல்லி. முதுகுக்கு ஒரு திண்டும் முழங்காலுக்கு ஓர் உறையும் சொல்லி அனுப்பினேன். விலையா முக்கியம், அந்த ஆளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் பரிசு தானாகத் தெரியும்.

நாலு பேரும் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பூட்டு என்ற பெயர் யாருக்கும் வரவில்லை. அவன் தகடு அந்த சுவிட்சில் தொங்கும்போது ஹெல்மெட்டுக்குள் எப்படி வரும்? அவன் தன்னுடையதற்குப் பதிலாகச் செத்தவனின் தகட்டைப் போட்டிருக்கிறான். பரிசு கொடுக்கும் நாளில் எல்லோர் கையிலும் ஒரு பொட்டலம் இருக்கும், அவன் கையில் மட்டும் இருக்காது. அதே நாள்தான் கெடுவும் முடிகிறது. என் சாவிக் கொத்தும் அவனிடம்தான் போயிருக்க வேண்டும், அவன் மட்டும்தான் என்னிடம் யோசனை கேட்டு வரவில்லை.

அவனுக்கு ஏதாவது வாங்கிவிட வேண்டும் என்று கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே நடந்ததை எப்படிச் சொல்வது? எந்தக் கடையில் நின்றாலும் எனக்கு ரேடியோதான் ஞாபகம் வந்தான். சீப்பைப் பார்த்தால், குழிக்குள் இறங்குவதற்கு முன்பும் மாப்பிள்ளை மாதிரி தலை சீவுவானே என்று நினைப்பு. தொண்டை மிட்டாயைப் பார்த்தால் அவன். பூட்டுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தால் மனசு வெறிச்சென்று இருந்தது. அத்தனை வருஷம் எதிரிலேயே இருந்தவனை நான் உற்றுப் பார்த்ததே இல்லை. கடைசியில் ஒரு மின்சாமான் கடையில், பட்டையால் தலையில் மாட்டிக்கொள்ளும் டார்ச் ஒன்றைப் பார்த்தேன். கை அதுபாட்டுக்கு எடுத்துவிட்டது. இது இருந்தால் பல்லில் கவ்வ வேண்டாமே, வேலை செய்துகொண்டே பாடலாமே. இதைவிடப் பொருத்தமான பரிசு ரேடியோவுக்கு இருக்கவே முடியாது என்று சந்தோஷப்பட்டு, அப்புறம் அவன் இல்லை என்பது நினைவு வந்து, கடைக்காரன் முன்னால் கண் கலங்கி நின்றேன். ஆனாலும் வாங்கினேன்.

மறுநாள் காலை பூட்டின் மனைவி போன் செய்தாள். சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பி வருகிறதாம், ஆபீஸிலாவது ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததெல்லாம், மத்தியானம் அவன் டப்பாவை எடுத்துக்கொண்டு எங்கோ போவான் என்பதுதான். அதைச் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தேன். என் பார்வை பலகையின் மேல் போய் நின்றது.

அன்று மத்தியானமும் விளக்கு எரிந்தது. எடுத்தேன். வழக்கம்போல ஒன்றுமில்லை. நான் மெதுவாக, “பூட்டு?” என்றேன். அந்தப் பக்கம் மூச்சு நின்றது.

முதலாளியைக் கூப்பிட்டுப் பலகை முன்னால் உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினேன். ஏன் என்று கேட்டார், அப்புறம் சொல்கிறேன் என்றேன். மருந்துக்கடை மூன்று தெரு தள்ளி. அதன் பக்கத்தில் இருக்கும் சின்ன வாசல் வழியாகப் படியேறினேன். லிஃப்ட் ஓடாததால் மாடிப்படியெல்லாம் அழுக்கேறிக் கிடந்தது. மூன்றாம் மாடியில் லிஃப்டின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே வெளிச்சமில்லை. பின்சுவர்க் கண்ணாடியில் சாய்ந்து, மடியில் திறக்காத டப்பாவோடு பூட்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

என்னைப் பார்த்து அவன் எழுந்திருக்கவில்லை. நானும் திட்ட வேண்டும் என்று நினைத்து வந்த எதையும் திட்டவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். தினமும் இங்கே வந்து போனில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். நான் ஹலோ சொல்வதைக் கேட்கத்தான் என்றான். உள்ளே யாரோ இருக்கிறார்களா என்று வெளியிலிருந்து ஒருவர் கேட்பது அவனுக்கு வேண்டியிருந்ததாம். ரேடியோவை அன்று யாரும் அப்படிக் கேட்கவில்லையே என்றான்.

தகட்டைப் பற்றியும் கேட்டேன். அவனுடையது மேலே மாட்டியிருக்கிறது, சட்டைப் பையில் ரேடியோவுடையதுதான் இருந்தது, அதைப் போட்டுவிட்டானாம். “அவன் பேரைக்கூட யாரும் சொல்றதில்லக்கா. யாராவது ஒருத்தர் ஒரு வாரம் அவனைப் பத்தி யோசிக்கட்டும்னு தோணுச்சு.”

யோசித்தேன் என்றேன். ராத்திரி பகலாக யோசித்தேன், பலனும் கிடைத்தது என்று சொல்லி, அவன் மனசு கொஞ்சம் லேசாகும் என்று நம்பி, பையிலிருந்து அந்த டார்ச்சை எடுத்துக் காட்டினேன். பட்டையை இழுத்துக் காட்டினேன். இனிமேல் வாயில் கவ்வ வேண்டாம், பாடிக்கொண்டே வேலை செய்யலாம் என்று கடைக்காரி மாதிரி விளக்கமும் சொன்னேன்.

பூட்டு பின்னால் நகர்ந்தான். நகர இடமில்லை, முதுகு கண்ணாடியில் இடித்தது. டப்பா உருண்டு கதவிடுக்கில் போய் நின்றது. அவன் முகத்தைப் பார்த்து நான் டார்ச்சை மறைத்துவிட்டேன். எதற்கு மறைக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு அவன் பேசினான். அத்தனை வருஷத்தில் நான் கேட்காத அளவுக்குப் பேசினான்.

“நானும் இதேதான் வாங்கிக் குடுத்தேன்க்கா. அன்னைக்குக் காலையில. கைக்குட்டை கைக்குட்டைன்னு கேலி பண்ணிட்டே இருந்தானே, அவனுக்கு ஏத்த மாதிரி ஒண்ணாவது வாங்கணும்னு வாங்கினேன். உடனே தலையில மாட்டிக்கிட்டான். நான் மோட்டார் ரூம்ல இருந்தேன். பாட்டு கேட்டுச்சு. படிக்கட்டுல இருந்து வர்ற மாதிரியே கேட்டுச்சு. பாடுறான்னா டார்ச் வாயில இல்ல. டார்ச் வாயில இல்லன்னா வெளிய வந்துட்டான். பத்து வருஷப் பழக்கம்க்கா. தலையில மாட்டிவிட்டதே நான்தான், அது அந்த நேரத்துல ஞாபகம் வரல. தகட்டைக் கழட்டிட்டேன்.”

உடைந்த டார்ச்சைப் பார்த்தவர்கள் அதைக் கம்பெனிச் சாமான் என்றே நினைத்துவிட்டார்களாம். பரிசு என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. இந்த வருஷம் என் சாவிக் கொத்து அவன் கைக்கு வந்ததிலிருந்து தூக்கமில்லை என்றான். யாருக்கும் எதுவும் நான் வாங்கவே கூடாது அக்கா, உங்களுக்கு வேண்டாம், தயவுசெய்து கேட்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

நான் அழுதேன். அதில் என்ன வெட்கம்? அந்த இருட்டில் எனக்கு ரேடியோவின் மேலும் கோபம் வந்தது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று. உற்றுப் பார்த்தால் பரிசு தானாகத் தெரியும் என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தவள் நான். இவனைவிட யார் உற்றுப் பார்த்தார்கள்? அதற்குக் கிடைத்த பலன் இது. தப்பு உன்னுடையது இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அது பொய் என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒரே தகட்டை மாட்டியது தப்புதான். பரிசு மட்டும் தப்பில்லை. ஆனால் அதை எப்படிச் சொன்னாலும் அவன் காதில் ஏறப்போவதில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் சாவிக் கொத்து உன்னிடம் இருப்பதால் நீ எனக்குப் பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றேன். அவன் தலையை ஆட்டி மறுத்தான்.

“கடைக்குப் போக வேணாம். காசும் வேணாம். நான் இங்கேயே நிக்கிறேன். நீ மேல போய் உன் தகட்டைக் கழட்டிட்டு சுவிட்சைப் போடு. என்னைக் கீழே இறக்கி விடு. எனக்கு மூட்டு வலி, படியிறங்க முடியாது.”

அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். முடியாது என்றான். அப்படியென்றால் நான் இங்கேயேதான் இருப்பேன், முதலாளி கம்பியை வெட்ட வரும்போது என்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகட்டும் என்றேன். என் பிடிவாதம் அவனுக்குத் தெரியும். கடைசியில் எழுந்தான். என்னைக் கூண்டின் நடுவில் நிற்கச் சொன்னான். கதவை இழுத்து மூடினான். அவன் கால்சத்தம் படியில் ஏறிப் போனது.

இருட்டு என் கண்ணுக்கு மிக அருகில் இருந்தது. பழைய எண்ணெய் வாடை. எனக்குப் பயமில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மோட்டார் அறைக்கும் கூண்டுக்கும் இடையில் அவசர பேட்டரியில் ஓடுகிற பேசும் கருவி கரகரத்தது.

“அக்கா, எங்க இருக்கீங்க?”

உள்ளேதான், நடுவில்தான் நிற்கிறேன் என்றேன். இரண்டு காலும் உள்ளேதானே என்றான். ஒரு காலை வீட்டில் வைத்துவிட்டா வந்தேன் என்றேன். அவன் சிரிக்கவில்லை. படியில் மறுபடி கால்சத்தம் கேட்டது, இறங்கி ஓடி வரும் சத்தம். கதவைத் திறந்து மூச்சு வாங்க என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். கையிலிருந்த விளக்கைக் கூண்டுக்குள் அடித்துச் சுற்றிலும் பார்த்தான். மூடிவிட்டு ஏறினான், போகிற வழியில் மேல்மாடிக் கதவைத் திறந்து கூண்டின் கூரைமேலும் பார்ப்பது சத்தத்தில் தெரிந்தது. குரலை அவன் இனி நம்பமாட்டான் என்று எனக்குப் புரிந்தது. இன்னொரு முறையும் இறங்கி வந்தான், இன்னொரு முறையும் பார்த்தான். நான் அலுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம்வரை ஏறி இறங்கினாலும் நின்றுகொண்டே இருப்பேன் என்று தோன்றியது.

மூன்றாவது முறை மேலே போனபோது கருவியில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. இத்தனை நாளும் நான் போனில் கேட்ட அதே மூச்சு.

“அக்கா.”

“சொல்லுப்பா.”

“உங்ககூட வேற யாரும் இல்லையே?”

இதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் அந்த இருட்டில் திரும்பிப் பார்த்தேன். இடது பக்கம், வலது பக்கம், கண்ணாடி இருக்கும் பின்சுவர். தலைக்கு மேலே கூரை. எங்காவது ஒரு முனகல், சுதி சேராத ஒரு வரி கேட்டுவிடாதா என்று ஏங்கிக் காது கொடுத்தேன். பூட்டு மேலே காத்திருந்தான். நான் சொல்லாமல் அவன் கையை அசைக்கமாட்டான்.

“இல்லப்பா,” என்றேன். “நான் மட்டும்தான். அவன் இங்க இல்ல.”

மேலே தகரம் உரசும் சத்தம் கேட்டது. கூண்டுக்குள் விளக்கு எரிந்தது.